தட்டச்சுக்கும் விளையாட்டுக்கும் ஒரே கீபோர்டு: சுவிட்ச் தேர்வுக்கு முழு வழிகாட்டி

பகலில் ஆபீஸ் வேலை, நடுவே தமிழில் நீண்ட மின்னஞ்சல், இரவு பத்து மணிக்கு மேல் வேலரண்ட் அல்லது டோட்டா 2. எல்லாவற்றுக்கும் மேசையில் இருப்பது ஒரே கீபோர்டு. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தார் வட்டாரக் கடைகளிலோ, ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனிச் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு தேடி வருகிறவர்களில் பலருடைய நிலைமை இதுதான். கடையில் முதல் கேள்வி, "கேமிங்கா, டைப்பிங்கா?" இரண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் பிரௌன் சுவிட்சை (நடுவில் சிறு மேடு தட்டும் வகை) எடுத்து நீட்டுவார்கள். பிரௌன் மோசமில்லை. ஆனால் அது இரண்டுக்கும் நடுவில் நிற்பதாலேயே இரண்டுக்கும் பொருந்தும் என்பது தவறான கணக்கு.

சுவிட்சைத் தட்டச்சுக்காகத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை செட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம். விரல் பட்டாலே எழுத்து விழுகிற சுவிட்சை வாங்கிவிட்டு, தட்டச்சுப் பிழையை எந்த செட்டிங்காலும் முழுதாகத் திருத்த முடியாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: உங்கள் கீபோர்டில் எது பொருந்தும்?

சுவிட்ச் பார்க்கப் போகுமுன் கையிலிருக்கும் பலகையைப் பாருங்கள். ஒரு கீகேப்பை (விசையின் மேல்மூடி) எடுத்துவிட்டு, சுவிட்சின் மேல் கீழ் விளிம்புகளில் உள்ள கொக்கிகளைக் கழற்றும் கருவியால் அழுத்தி நேராக மேலே இழுங்கள். வந்துவிட்டால் அது ஹாட்ஸ்வாப் பலகை, பற்றவைப்பு இல்லாமல் சுவிட்ச் மாற்றலாம். கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் பற்றவைத்திருக்கிறார்கள், இழுத்துப் பிடுங்காதீர்கள். பற்றவைத்த பலகையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு முனைகளில் ஈயம் உருக்கி எடுக்க வேண்டும். 87 விசை என்றால் 174 இடம். அந்த வேலைக்குப் புது ஹாட்ஸ்வாப் பலகை வாங்குவதே மேல்.

சுவிட்ச் வெளியே வந்ததும் அடிப்பக்கம் பாருங்கள். இரண்டு உலோகக் கால்கள் இருந்தால் வழக்கமான எம்எக்ஸ் வகை (செர்ரி நிறுவனத்தின் வடிவம்). செர்ரி, கேட்டரான், கேய்ல், ஆக்கோ என்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலானவை இதில் பொருந்தும். உலோகக் கால்களே இல்லை என்றால் அது ஒளியால் இயங்கும் ஆப்டிக்கல் அல்லது காந்தத்தால் இயங்கும் காந்தச் சுவிட்ச். இந்த வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது. காந்தச் சுவிட்சை எம்எக்ஸ் பலகையில் செருகினால் உட்காரக்கூடும், ஒரு எழுத்தும் விழாது. மெல்லிய லோ புரொஃபைல் பலகை தனி உலகம். அதற்குள்ளேயே கேய்ல் சாக் ஒரு அளவு, கேட்டரான் லோ புரொஃபைல் வேறொரு அளவு.

இன்னொன்று, கால்களின் எண்ணிக்கை. இரண்டு உலோகக் கால், நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் தண்டு, இதுதான் 3 பின். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய பிளாஸ்டிக் குச்சிகளும் இருந்தால் 5 பின். 5 பின் துளையுள்ள பலகையில் இரண்டு வகையும் போகும். 3 பின் பலகையில் 5 பின் சுவிட்சைப் போட அந்தச் சிறு குச்சிகளை நகவெட்டியால் அடியோடு வெட்டினால் போதும். சுவிட்சின் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

வகைகள்

லினியர் சுவிட்ச் மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் இறங்கும். டாக்டைலில் வழியில் ஒரு மேடு தட்டும். எழுத்து விழுகிற இடத்தை விரல் அதை வைத்து அறிந்துகொள்ளும். கிளிக்கியில் மேட்டோடு 'டக்' என்ற ஓசையும் உண்டு.

கிளிக்கியை இந்தக் கட்டுரையில் விரைவாகத் தாண்டிவிடுகிறோம். செர்ரி புளூ போன்றவற்றில் எழுத்து விழும் இடமும், விசை விடுபட்டு அடுத்த அழுத்தத்துக்குத் தயாராகும் இடமும் தள்ளித்தள்ளி இருக்கின்றன. விரலைக் கணிசமாக மேலே தூக்கினால்தான் இரண்டாவது தட்டு பதியும். ஒரே விசையை வேகமாக இருமுறை தட்டுவது விளையாட்டிலும் வேண்டும், தமிழ்த் தட்டச்சிலும் வேண்டும். கிளிக் ஓசைதான் வேண்டும் என்று மனம் கேட்டால் கேய்ல் பாக்ஸ் வொயிட், பாக்ஸ் ஜேட் பக்கம் போங்கள். அவற்றில் கிளிக் எழுப்புவது தனிக் கம்பி. தட்டிலும் விடுப்பிலும் கிளிக் கேட்கும், இரட்டைத் தட்டும் இவ்வளவு சிரமமில்லை. பக்கத்து அறையில் தூங்குகிறவரின் சம்மதம் உங்கள் பொறுப்பு.

விவரத்தாளில் உள்ள எண்கள்

வண்ணப் பெயரை நம்பாதீர்கள். செர்ரியின் காப்புரிமை 2014 வாக்கில் காலாவதியான பிறகு பல நிறுவனங்களும் அதே வடிவத்தில் செய்யத் தொடங்கின. ஒருவரின் 'மஞ்சள்' இன்னொருவரின் 'மஞ்சள்' இல்லை. தாளில் பார்க்க வேண்டியவை மூன்று.

எழுத்து விழத் தேவையான அழுத்தம் ஒன்று. செர்ரி ரெட், ஸ்பீட் சில்வர் இரண்டும் 45, பிரௌன் 55, பிளாக், புளூ 60. செர்ரி இதை சென்டிநியூட்டனில் தரும், மற்றவர்கள் கிராம் விசையில் தருவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான், ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். கேட்டரான் யெல்லோ 50.

எழுத்து விழும் ஆழம் அடுத்தது. ரெட், பிரௌன், பிளாக் எல்லாம் 2.0 மி.மீ, புளூ 2.2, ஸ்பீட் சில்வர் 1.2. முழு இறக்கம் வழக்கமாக 4.0 மி.மீ, ஸ்பீட் சில்வரில் 3.4. இப்போது வரும் நீண்ட தண்டு வகை லினியர்கள் 3.5 மி.மீ பக்கத்திலேயே அடியைத் தொட்டுவிடும். அதனால் ஓசை கூர்மையாக இருக்கும்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: அடி தொடும்போது உள்ள அழுத்தம். தாளில் '45' என்று போட்டிருந்தாலும் அடியைத் தொட 60க்கு மேல் வேண்டியிருக்கலாம். தட்டச்சு செய்யும்போது நம் விரல் ஒவ்வொரு தட்டிலும் அடிவரை போகிறது. ஆகவே மாலையில் விரல் வலிக்கிறதா இல்லையா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. இரண்டு சுவிட்ச் ஒரே முதல் எண்ணோடு இருந்தும் கையில் வேறுவேறாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

ஸ்பீட் சுவிட்சின் லாபத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2.0க்கும் 1.2க்கும் இடைவெளி 0.8 மி.மீ. விரல் நொடிக்கு 200 மி.மீ வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சமாவது 4 மில்லி நொடி. போட்டி ஆட்டத்தில் அது ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் புளூடூத்தை விட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளுக்கோ கேபிளுக்கோ மாறினால் அதைவிடப் பெரிய லாபம் காசில்லாமல் கிடைக்கும். அந்த 4 மில்லி நொடிக்காக ஒரு பக்கக் கடிதத்தில் பத்துப் பிழை திருத்துவது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர் கவனிக்க வேண்டியது

ஆங்கில விமர்சன வீடியோக்களில் இது வராது. தமிழ் எழுத்தில் இரட்டிப்பு மிக அதிகம். தமிழ்99 முறையில் க விசையை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' வருகிறது. அஞ்சல் முறையில் 'அம்மா' எழுத மகரமும் இருமுறை, கடைசி அகரமும் இருமுறை. ஒரே விசையின் இரட்டைத் தட்டு நமக்கு ஒவ்வொரு வரியிலும் வேண்டும்.

இதனால் இரண்டு பக்கமும் ஆபத்து. சுவிட்ச் ஒரு தட்டை இரண்டாக எண்ணினால் 'பகல்' என்று அடித்தது 'பக்கல்' ஆகும். இரண்டு தட்டை ஒன்றாக எண்ணினால் 'பக்கம்' 'பகம்' ஆகும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடினால் சிவப்புக் கோடு விழும், கண்ணில் படும். தமிழில் பிழைதிருத்தி வைத்திருப்பவர்கள் குறைவு. பிழை அப்படியே அனுப்பப்பட்டுவிடும்.

தமிழ்99 பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆட்டத்தில் நகர உதவும் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளுக்கு மட்டும் இலேசான ஸ்பீட் சுவிட்ச் போடும் பழக்கம் விளையாட்டுக்காரர்களிடம் உண்டு. அந்த நான்கும் தமிழ்99இல் ஈ, அ, இ, உ. கி, கு என்று எழுதும்போதெல்லாம் இடது கை அங்கேதான் இருக்கிறது. இடது கை விரல்கள் ஓய்வெடுக்கும் இடமும் அதே வரிசைதான். 45க்கும் கீழான ஸ்பிரிங்கில் விரலின் பாரத்துக்கே விசை இறங்கும். எதிர்பாராத இடத்தில் ஒரு 'உ' முளைக்கும்.

50 சென் நாணயச் சோதனை

கடையில் நின்றபடி தட்டிப் பார்ப்பதைவிட, வீட்டில் இப்போதுள்ள கீபோர்டின் எடையை அளப்பது அதிகம் சொல்லும். உங்கள் விரலுக்குப் பழகிய எண் தெரிந்தால்தான் புதிய எண்ணுக்குப் பொருள் இருக்கும். தராசு வேண்டாம். 2012ல் மலேசியாவில் புழக்கத்துக்கு வந்த வரிசையின் 50 சென் நாணயம் 5.66 கிராம், 10 சென் 2.98 கிராம். பழைய, பெரிய 50 சென் நாணயத்தின் எடை வேறு. அதை இதோடு கலக்காதீர்கள்.

வெற்று எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து வையுங்கள். நடு வரிசையில் ஒரு விசையைத் தேர்ந்தெடுங்கள். அதன் மேற்பரப்புதான் சாய்வு குறைவு. நாணயம் அகலமானது என்பதால் சுற்றியுள்ள கீகேப்புகளைக் கழற்றிவிடுங்கள். ஆறு நாணயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செலோடேப் சுற்றிக் கட்டாக்கி, விசையின் நடுவில் மெதுவாக வையுங்கள். கையை எடுத்தபின் மேலும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். போடக் கூடாது, வைக்க வேண்டும். விரலளவு உயரத்திலிருந்து விட்டால்கூட அந்த வேகமே விசையை இறக்கிவிடும். எட்டாவது நாணயத்தில் எழுத்து விழுந்தால் 45 கிராம். ஒன்பதில் 51, பத்தில் 57, பதினொன்றில் 62. இடைப்பட்ட எண்ணுக்கு 10 சென்னைப் பயன்படுத்துங்கள். கீகேப்பின் எடை ஒரு கிராம் சுற்றி இதோடு சேரும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எழுத்து விழுந்த பிறகும் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போங்கள். லினியராக இருந்தால் ஒவ்வொரு நாணயத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒரு கட்டத்தில் அடியைத் தொடும். அதுதான் அடி அழுத்தம். டாக்டைலில் காட்சி வேறு: ஒன்றும் நடக்காதது போல் நின்று, ஒரு நாணயம் கூடியதும் மேட்டைத் தாண்டிப் பொத்தென்று விழும். அந்தக் கணத்தின் எடை மேட்டின் உச்சம். ஒரே கீபோர்டில் நாலைந்து விசைகளை அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் தரக்கட்டுப்பாடு சரியில்லை என்று பொருள்.

இப்போது பழகியதில் விரல் அசதி இருந்தால் ஐந்து கிராம் இறங்குங்கள். தவறுதலாக எழுத்து விழுகிறது என்றால் ஐந்து முதல் பத்து ஏறுங்கள். எந்தக் குறையும் தெரியவில்லை என்றால் அதே எடையில் வேறு வகையைத் தேடுங்கள். இதுவரை சவ்வுக் கீபோர்டு (தனிச் சுவிட்ச் இல்லாத சாதாரண வகை) மட்டுமே பயன்படுத்தியவருக்கு எங்கள் பரிந்துரை 50 கிராம் லினியர், 2.0 மி.மீ ஆழம். கேட்டரான் யெல்லோ, ஆக்கோவின் கிரீம் யெல்லோ இந்த வட்டத்தில் வருகின்றன. ரெட்டைவிடச் சற்றே கனம், பிளாக்கைவிட இலேசு. நாள் முழுக்கத் தட்டினாலும் கை தாங்கும், இரவு ஆட்டத்திலும் குறை சொல்ல முடியாது. எழுத்து விழுந்ததை விரலில் உணர்ந்தே ஆகவேண்டும் என்பவருக்கு டாக்டைல். பிரௌனின் மேடு மிகச் சிறியது. உணரத் தெரியாமல் 'மணல் உள்ள லினியர்' என்று கேலி செய்வோரும் உண்டு. தெளிவான மேடு வேண்டுமானால் போபா யூ4டி அல்லது பாண்டா வகை.

சத்தம்

பொதுவாக அடுக்குமாடிச் சுவர் பேச்சைத் தடுக்கும், மேசை அதிர்வைத் தடுக்காது. நள்ளிரவில் கீழ் வீட்டுக்குக் கேட்பது சுவிட்சின் ஓசையைவிட மேசைக் கால் வழியே இறங்கும் அடி. கீபோர்டின் கீழே தடித்த விரிப்பு ஒன்று போடுங்கள். செலவு குறைந்த, பயன் மிகுந்த மாற்றம் இது.

அப்புறம் சுவிட்ச். பாலிகார்பனேட் உறை கூர்மையான ஓசை தரும், நைலான் உறை அமுங்கிய ஓசை தரும். உண்மையான அமைதி வேண்டுமானால் சைலன்ட் வகை: தண்டின் மேலும் கீழும் சிறு ரப்பர் வைத்திருப்பார்கள். செர்ரி சைலன்ட் ரெட் 45, ஆழம் 1.9, முழு இறக்கம் 3.7. டாக்டைலில் போபா யூ4. ரப்பர் இருப்பதால் அடியில் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்கும். சிலருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. குழந்தை தூங்கும் அறையில் வேலை செய்கிறவர் இதில் பேரம் பேச முடியாது.

பத்துப் பத்தாக வாங்குங்கள்

முழுத் தொகுதி வாங்குமுன் இரண்டு மூன்று வகையில் பத்துப் பத்து வாங்குங்கள். ஷோப்பியிலும் லசாடாவிலும் பத்து எண்ணிக்கைப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. சாவிக்கொத்து மாதிரி ஒவ்வொரு வகையில் ஒன்றே ஒன்று வைத்த சோதனைப் பெட்டியில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. ஒற்றை விரலால் அழுத்தும்போது எல்லாச் சுவிட்சும் நன்றாகத்தான் இருக்கும். அடுத்தடுத்த விசைகளில் பத்தைப் போட்டு, அவற்றின் மேலே வாக்கியங்கள் ஓடவேண்டும்.

முதல் வகையை இடது கை நடு வரிசையிலும் அதற்கு மேல் வரிசையிலும் போடுங்கள். தட்டச்சும் ஆட்டமும் இரண்டும் அங்கே நடக்கும். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். முதல் இரண்டு நாள் கருத்தை நம்பாதீர்கள், விரல் பழைய எடையைத் தேடிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து கவனியுங்கள். 'பட்டணத்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி கொட்டைப் பாக்கை எட்டிப் பிடித்தாள்' என்பது மாதிரி இரட்டிப்பு நிறைந்த வாக்கியத்தை வேகமாக இருபது முறை அடித்து, விடுபட்டதையும் கூடியதையும் எண்ணுங்கள். ஆட்டத்தில், ஓடிக்கொண்டே திசை மாறும்போது விசை விடுபடத் தாமதமாகிறதா என்று பாருங்கள். டோட்டா 2 ஆடுகிறவர் ஆர் விசையைத் தனியாகப் பாருங்கள். அந்த விசையில் உள்ள பெரிய தாக்குதலான அல்டிமேட் தவறி விழுந்த ஆட்டம் மறக்காது. அந்த ஒரு விசைக்கு மட்டும் பத்து கிராம் கனமான சுவிட்ச் வைப்பது நல்ல வழக்கம்.

ஸ்பேஸ் பார் தனிக் கதை. அதன் கீகேப் கனமானது, நீள விசையைச் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசரின் உராய்வும் இருபுறமும் உண்டு. 45 கிராம் ஸ்பிரிங்கில் அது மேலே வரத் திணறும். மற்றவை எதுவானாலும் ஸ்பேஸுக்கு 60 பக்கம் ஒன்றைப் போடுங்கள்.

எத்தனை வாங்குவது, எவ்வளவு வரி

60 சதவீதப் பலகைக்கு 61 சுவிட்ச், 65க்கு 67 அல்லது 68, 75க்கு 81 முதல் 84, எண் தட்டு இல்லாத பெரிய பலகைக்கு 87, முழுப் பலகைக்கு 104. எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்து கூடுதலாக வாங்குங்கள். ஓரிரண்டு கால் வளையும், ஓரிரண்டு பொட்டலத்திலேயே கோளாறாக வரும். அதே வகையைப் பிறகு தேடினால் வேறு வார்ப்பில் செய்தது கிடைக்கும், ஓசை ஒத்துப்போகாது.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால், 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. தளத்தில் காட்டும் விலை வரியோடு சேர்ந்ததா என்று பணம் கட்டும் பக்கத்தில் பாருங்கள். உள்ளூர்க் கையிருப்பு சில வெள்ளி கூடினாலும், கோளாறான சுவிட்சை மாற்றிக்கொள்வது எளிது.

மாற்றும்போது

கேபிளைக் கழற்றி, பேட்டரி இருந்தால் பொத்தானையும் அணையுங்கள். ஒவ்வொரு புதுச் சுவிட்சின் கால்களையும் கண்ணால் பாருங்கள். வளைந்ததை இடுக்கியால் நிமிர்த்துங்கள். மாற்றியபின் வேலை செய்யாத விசைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சாக்கெட்டுக்குள் போகாமல் அடியில் மடங்கிய கால்தான். கால் இரண்டும் துளைக்கு நேராக வந்ததை உறுதிசெய்து, செங்குத்தாக அழுத்துங்கள். இரு பக்கமும் 'கிளிக்' என்று உட்கார வேண்டும்.

ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஹாட்ஸ்வாப் சாக்கெட்டை சர்க்யூட் போர்டில் பிடித்திருப்பது இரண்டு பொட்டுப் பற்றவைப்பு மட்டும். பெட்டியைத் திறந்து வைத்து மாற்றுகிறீர்கள் என்றால், அழுத்தும் இடத்தின் அடியில் மறு கையின் விரலைத் தாங்கலாக வையுங்கள். தாங்கல் இல்லாமல் அழுத்தினால் சாக்கெட் பெயர்ந்துவரும், சில சமயம் செம்புப் பட்டையையும் கூடவே இழுத்துக்கொண்டு. கேய்ல் சாக்கெட்டுக்குச் சொல்லப்படும் ஆயுள் 100 முறை செருகல். வாரம் ஒரு வகை மாற்றிப் பார்க்கிறவர் நினைவில் வைக்கட்டும்.

பலகையில் விளக்கு சுவிட்சின் மேல்பக்கத்தில் இருந்தால், செர்ரி வடிவக் கீகேப் சில வரிசைகளில் சுவிட்ச் உறையோடு முட்டும். அடி தொடுமுன்பே ஒரு கடினமான ஓசை கேட்டால் சுவிட்சைக் குறை சொல்லாமல் கீகேப்பை மாற்றிப் பாருங்கள்.

லூப் போடலாமா?

இப்போது வரும் நல்ல லினியர்கள் தொழிற்சாலையிலேயே லூப் (உராய்வைக் குறைக்கும் மசகு) போடப்பட்டு வருகின்றன. காதருகே வைத்து மெதுவாக அழுத்துங்கள். உராய்வு ஓசை, ஸ்பிரிங் ரீங்காரம் இரண்டும் இல்லையென்றால் திறக்காதீர்கள். 70 சுவிட்சைப் புதியவர் திறந்து மூட ஒரு மாலைப்பொழுது முழுசாகப் போகும்.

போட்டே ஆகவேண்டும் என்றால் லினியருக்குக் கிரைட்டாக்ஸ் 205ஜி0. 5 கிராம் டப்பா ஒரு பலகைக்குத் தாராளம். பூஜ்யம் அளவுத் தூரிகையைத் தொட்டு, டப்பா விளிம்பில் வழித்துவிட்டு, கீழ் உறையின் இரு தண்டவாளங்கள், தண்டின் பக்கங்கள், ஸ்பிரிங்கின் இரு முனைகள். பூசிய இடம் ஈரமாக மினுங்க வேண்டும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். அதிகமானால் விசை சோம்பலாக மேலே வரும். விளையாட்டில் அது உடனே தெரியும். டாக்டைலில் தண்டின் இரண்டு கால்களைத் தொடாதீர்கள். மேட்டை உருவாக்குவதே அவைதான். அதற்கு ட்ரைபோசிஸ் 3203 போன்ற மெல்லியது போதும். கிளிக்கிக்கு லூப் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் சந்திக்கும் இடத்தில் லூப் பட்டால் எழுத்து விழுவது ஒழுங்கற்றுப் போகும்.

ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் கடகடப்பதைப் பலர் சுவிட்சின் குறை என்று நினைத்து முழுத் தொகுதியையே மாற்றுகிறார்கள். அது ஸ்டெபிலைசர் கம்பி. கம்பி முனைகளில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வைத்தால் தீரும்.

விளையாட்டு செட்டிங்

கேபிள் அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ், போலிங் (விசைகளின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் வேகம்) 1000 ஹெர்ட்ஸ். அதாவது 1 மில்லி நொடிக்கு ஒருமுறை. 8000 ஹெர்ட்ஸ் 0.125 ஆக்கும், கூடுதல் பணம் கொடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. டிபவுன்ஸ் என்ற செட்டிங்தான் முக்கியம். உலோகத் தகடு சந்திக்கும்போது கணநேரம் துள்ளும். அந்தத் துள்ளலை இரண்டாவது தட்டாக எண்ணாமல் காத்திருக்கும் நேரம் அது. பலகைக்குள் ஓடும் கியூஎம்கே மென்பொருளில் (ஃபர்ம்வேர்) இயல்பு 5 மில்லி நொடி. விளையாட்டுக்காக 1 அல்லது 2க்கு இறக்கச் சொல்வார்கள். இறக்கிய அன்றே தமிழில் 'பக்கல்' தொடங்கினால் காரணம் தெரியும், 5க்குத் திரும்புங்கள்.

போட்டி ஆட்டம்தான் பிரதானம் என்பவருக்குக் காந்தச் சுவிட்ச் உண்மையான விடை. வூட்டிங் 60எச்இ பிரபலமாக்கியது; இப்போது கீக்ரான் உட்படப் பலரிடமும் இருக்கிறது. தண்டில் காந்தம், போர்டில் அதை உணரும் ஹால் சென்சர். விசை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது எந்நேரமும் தெரியும். எழுத்து விழும் ஆழத்தைப் பெரும்பாலான பலகைகளில் 0.1 முதல் 4.0 மி.மீ வரை நீங்களே வைக்கலாம். ரேப்பிட் டிரிக்கர் போட்டால் விரல் குறிப்பிட்ட தூரம் எழும்பியதுமே விசை விடுபடும், நிலையான விடுபடும் இடம் கிடையாது. ஓடி நின்று சுடும் ஆட்டங்களில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

இதைத் தட்டச்சோடு சேர்த்து வைக்க இரண்டு புரொஃபைல் (சேமித்த செட்டிங் தொகுப்பு) வேண்டும். ஒன்றில் எல்லா விசையும் 2.0 மி.மீ, ரேப்பிட் டிரிக்கர் கிடையாது. மற்றதில் நகரும் நான்கு விசைகள் மட்டும் 1.0 மி.மீ, ரேப்பிட் டிரிக்கர் 0.2. அதற்கும் கீழே போனால் விரல் நடுக்கத்தையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷன் விசையோடு ஒரு எண்ணில் புரொஃபைல் மாறும்படி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோய் ஆட்டப் புரொஃபைலில் மேலாளருக்குக் கடிதம் எழுதுவது நடக்கக்கூடியதுதான். சுவிட்சை மாற்றினால் மென்பொருளில் அளவீட்டை மறுபடி செய்யுங்கள். எல்லாக் காந்தச் சுவிட்சும் எல்லாப் பலகைக்கும் ஒத்துவராது. காந்தத்தின் துருவமும் வலிமையும் மாறும். பலகைக்காரர் தரும் பட்டியலில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். எதிரெதிர் திசை விசைகளைத் தானாகவே மாற்றிக் கொடுக்கும் ஸ்னாப் டாப் வகை வசதியை அணைத்து வையுங்கள்: 2024 ஆகஸ்ட் முதல் கவுன்டர் ஸ்ட்ரைக் 2இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் அதைக் கண்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள்.

கோளாறு வந்தால்

ஒரு விசை இரட்டையாக விழுகிறது என்றால், அந்தச் சுவிட்சை எப் 12 போன்ற ஓர் ஓரத்து விசையோடு இடம் மாற்றுங்கள். கோளாறு சுவிட்சோடு போனால் சுவிட்ச். அதே இடத்தில் நின்றால் சாக்கெட் அல்லது போர்டு. சுவிட்ச் என்றால் கூடுதலாக வாங்கிய ஐந்தில் ஒன்று. சாக்கெட் என்றால் கால் சரியாகப் பதிந்ததா, பற்றவைப்பு விரிசலா என்று பாருங்கள்.

நம் ஊர் ஈரக் காற்றில் நெடுநாள் சும்மா கிடக்கும் சுவிட்சின் தகடு மங்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். மிச்சச் சுவிட்சுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள். ஏர்கான் காற்று நேரே படும் இடத்தில், அதிலும் சொட்டும் ஏர்கானின் கீழே, பலகையை வைக்காதீர்கள்.

தே தாரேக் கொட்டிவிட்டால் உடனே கேபிளைப் பிடுங்கி, பலகையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தேநீர் காய்ந்துவிடும், கெட்டிப்பாலின் சர்க்கரை காயாது. சுவிட்சுக்குள் பசையாக உட்கார்ந்து விசையை மேலே வரவிடாது. நனைந்த பகுதிச் சுவிட்சுகளைக் கழற்றி, போர்டைச் செறிவான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென் தூரிகையும் கொண்டு துடையுங்கள். சுவிட்சுகளைத் திறந்து ஸ்பிரிங்கைத் தனியே எடுத்துவிட்டு, உறையையும் தண்டையும் பாத்திரச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம். தகடு உள்ள கீழ் உறை உள்ளே ஈரம் பிடித்துவைக்கும், ஆகவே இரண்டு நாள் பொறுத்துப் பூட்டுங்கள். பத்துச் சுவிட்சுக்கு மேல் நனைந்திருந்தால் கழுவுவதை விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நேரத்துக்கு லாபம்.